ஒரு சங்கு பால்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே! கடல் இன்னும் அரைக் காதம் உள்ளே வந்து கிடந்த காலத்தில், ஒரு ராஜாவின் உப்பளத்தில் இரண்டு சிநேகிதர்கள் உப்பு வாரினார்கள். ஒருவன் மாசானம், இன்னொருவன் கொம்பையா. இருவர் பாத்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ராஜா மகா கருமி. ஆவணிப் பௌர்ணமிக்குள் பாத்தி உப்பு முழுவதையும் வாரிக் குவித்தவனுக்குத்தான் வருஷத்துக்கு உண்டான நெல். ஒரு கூடை குறைந்தாலும் ஒரு மணி நெல்கூடக் கிடையாது. ஒருவன் பாத்தியை இன்னொருவன் வாரலாம். அதற்கு மட்டும் தடை இல்லை.

மாசானத்துக்கு மூன்று முறை கஷ்டம் வந்தது. உப்புநீரில் கால் வெடித்துப் புண்ணானபோது, நாலு நாள் கொம்பையா இரண்டு பாத்தியையும் வாரினான். வீட்டில் அடுப்பு எரியாதபோது, தன் கஞ்சியில் பாதியை ஊற்றினான். மாசானத்தின் தம்பியைக் கடல் கொண்டுபோன செய்தி வந்தபோது, அதைத் தானே அழுதுகொண்டு சொல்லி, ஊர்வரை கூடவே நடந்தான்.

'இவனுக்கு நான் என்ன செய்யப்போகிறேன்' என்று மாசானம் தவித்தான். அதற்கும் வேளை வந்தது.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. கொம்பையாவின் ஊரிலிருந்து வந்த ஒரு மாட்டு வியாபாரி, வரப்போரம் மாசானத்தைப் பார்த்தான்.

"கொம்பையாகிட்ட சொல்லிரும். அவன் ஆத்தா இன்னைக்கோ நாளைக்கோன்னு கிடக்கா. மகன் கையால ஒரு சங்கு பால் வாங்கிட்டுத்தான் போவேன்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டா."

ஒரு நாள் நடைத் தூரம்தான். ஆனால் கொம்பையா போனால் அவன் நெல் போய்விடும், பெண்டாட்டி பிள்ளை பட்டினி கிடக்கும். மாசானம் வாயைத் திறக்கவில்லை. அதை உதவி என்றே நினைத்துக்கொண்டான், பாவி.

முதல் நாள் கொம்பையா சொன்னான்: "நெல்லு வந்ததும் ஆத்தாளுக்கு ஒரு சீலை எடுக்கணும்லே." மாசானம் தலையை ஆட்டினான்.

இரண்டாம் நாள் சொன்னான்: "பல்லு போனதுல இருந்து அவளுக்குக் கூழு இறங்க மாட்டேங்கு. அரிசிக் கஞ்சி வச்சுக் குடுக்கணும்." மாசானம் குனிந்து உப்பை வாரினான்.

மூன்றாம் நாள் கொம்பையா அவன் முகத்தைப் பார்த்துவிட்டான். "ஏன்லே இப்படி வாடிக் கிடக்க? கால்ல புண்ணு திரும்ப வந்துட்டா?" என்று கேட்டு, தன் சிமிழிலிருந்த எண்ணெயை எடுத்து மாசானத்தின் பாதத்தில் தேய்த்தான். அப்போதுகூட மாசானம் சொல்லவில்லை.

நெல் மூட்டை கைக்கு வந்த பிறகுதான் சொன்னான். கொம்பையா ஒரு வார்த்தை திட்டவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஆத்தா முந்தின நாளே போய்விட்டாள். மூடிய வாய் மூடியபடியே போனாள். அந்த நெல்லில்தான் கருமாதிச் சோறு பொங்கினார்கள்.

பதினாறாம் நாள் கழிந்து கொம்பையா திரும்பியபோது, மாசானம் அவன் காலில் விழுந்தான். "உன் நெல்லு போயிருமேன்னுதான் சொல்லலைலே."

"நெல்லு போகாம நீ என் பாத்தியைச் சேத்து வாரியிருக்கக் கூடாதாலே? மூணு நாளுதானே?" என்றான் கொம்பையா.

அந்த யோசனை மாசானத்துக்குத் தோன்றாமல் இல்லை, கேளுங்கள். வியாபாரி சொன்ன அந்தக் கணத்திலேயே தோன்றியது. இரண்டு பாத்தியா என்று முதுகு வலித்தது; தள்ளிவிட்டான். அதை அவன் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகும் கொம்பையா தன் கஞ்சியில் பாதியை அவனுக்கு ஊற்றத்தான் செய்தான். ஆத்தாளைப் பற்றி மட்டும் அவனிடம் பேசவே இல்லை. அந்தக் கஞ்சி ஒருநாளும் மாசானத்தின் தொண்டையில் இறங்கவில்லை.

ஆகையால் தெரிந்துகொள்ளுங்கள்: சிநேகிதனுக்கு வந்த துக்கத்தை அவனிடமிருந்து மறைப்பது உதவி அல்ல, அதை அவனிடம் சொல்லி, அவன் விட்டுப்போகும் வேலையை நம் தோளில் வாங்கிக்கொள்வதே உதவி.