ஆந்தையின் இறகும் ஆமையின் புதிய முடிவும்

அடர்ந்த காட்டின் நடுவே அல்லிக்குளம் ஒன்று இருந்தது. மரங்கள் கவிந்து நின்றதால், அங்கே வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான்: குளத்து நடுவிலிருந்த தட்டைப் பாறை.

அக்குளத்து விலங்குகளுக்கு அறிவியல் புனைகதை என்றால் உயிர். மின்னலைக் குடித்து ஓடும் வண்டி, விண்மீனுக்கு விண்மீன் தாவும் தவளை என, இன்னும் நடவாதவற்றைப் பேசும் கதைகள் அவை. ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் எல்லாம் கூடி, "உயிரோடிருப்போரில் ஒப்பற்ற கதாசிரியர் யார்?" என்று வாதிடும். வென்றவர் பனிக்காலம் முழுவதும் பாறைமேல் வெயில் காயலாம்.

அவ்வாண்டு கிழட்டு ஆமைக்கு அந்தப் பாறை கட்டாயம் வேண்டியிருந்தது. சென்ற பனியிலேயே அதன் கால்கள் விறைத்துவிட்டன. இன்னொரு பனியை நிழலில் கழித்தால் உயிர் மிஞ்சாது.

"ஒப்பற்றவர் ஆந்தையார்தான்!" என்றது நாரை. "நான் குஞ்சாக இருந்தபோது, இரும்புப் பறவை முட்டையிட்ட கதையைச் சொன்னார். அன்று கூட்டுக்குள் நாங்கள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு கிடந்தோம். அந்தச் சூடு இன்னும் என் சிறகில் இருக்கிறது!"

"ஆந்தையார் சென்ற கோடையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாரே, நாரையாரே!" என்று நண்டு சிரித்தது. "உயிரோடிருப்போரில் என்பதல்லவா வழக்கம்?"

நாரை கழுத்தை மடக்கிக்கொண்டது.

"அப்படியானால் நம் ஆமையார்தான்!" என்று பிளிறியது யானை. "நிலாக்குளத்துக் கதை! நான் கன்றாக என் தாயின் காலிடையே நின்று கேட்டேன். யானைகள் நிலாவில் நீர் கண்டு, துதிக்கை கோத்து ஆடும். அடடா! அதை இன்று ஒருமுறை சொல்லுங்கள், தாத்தா!"

ஆமை மகிழ்ந்து சொல்லத் தொடங்கியது. யானை கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் கூடவே முணுமுணுத்தது. கடைசியில் ஆமை சொன்னது:

"நிலாக்குளத்தை அடைந்த யானைகள் ஆடவில்லை. திரும்பிப் பார்த்தன. தொலைவில் பூமி நீலமாக மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றன."

யானை வெடுக்கென்று கண் விழித்தது. "தவறு! யானைகள் ஆட வேண்டும்!"

"அந்த முடிவைச் சொன்னபோது நான் வறட்சியையே கண்டதில்லை, கன்றே. பிறகு மூன்று வறட்சி பார்த்துவிட்டேன்; நீர் தேடிக் காட்டைவிட்டுப் போனவை ஆடவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்தன. இப்போது எனக்குக் கதை இப்படித்தான் முடிகிறது."

"என் கதையைக் கெடுத்துவிட்டீர்கள்!"

"உன் கதையா? கட்டியவன் நானல்லவா!"

நாரை இதுதான் வேளை என்று கழுத்தை நீட்டியது. "பார்த்தீர்களா! உயிரோடிருப்பவர் கதையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஆந்தையார் கதை இனி மாறவே மாறாது! அவர் உடல்தானே போயிற்று? நம் நினைவில் உயிரோடுதானே இருக்கிறார்?"

"ஆமாம், ஆமாம்!" என்று எல்லாம் ஆர்ப்பரித்தன. யானையின் குரலே உரக்க ஒலித்தது. ஆந்தையின் பழைய இறகு ஒன்றைத் தேடி எடுத்துப் பாறைமேல் வைத்தன.

காட்டுக்கு அப்பால், மரமற்ற வெளியிலிருந்த வேறொரு குளத்தை நோக்கி, விறைத்த கால்களை இழுத்துக்கொண்டு ஆமை மெல்ல நடந்தது.

பனி இறங்கியது. விலங்குகள் பாறையைச் சுற்றி அமர்ந்தன. இறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாரை இரும்புப் பறவையின் கதையைத் தானே சொல்ல முயன்று, முட்டை பொரிந்ததா இல்லையா என்பது நினைவின்றிப் பாதியில் நிறுத்தியது. நண்டு கொட்டாவி விட்டுக்கொண்டு வளைக்குள் போனது.

ஏழாம் நாள் யானை பொறுக்கமாட்டாமல் புறப்பட்டு, வெளிக்குளத்தை அடைந்தது. அங்கே நல்ல வெயில். முயல்களும் கீரிகளும் நெருங்கி அமர்ந்திருக்க, ஆமை யாருமே கேட்டிராத ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் வந்த யானைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தாத்தா! முதலிலிருந்து சொல்லுங்களேன்!" என்று கெஞ்சியது.

ஒரு கீரி திரும்பிப் பார்த்தது. "சத்தம் போடாதீர்கள், ஐயா! கதை போய்க்கொண்டிருக்கிறது. கேட்பதானால் பின்னால் உட்காருங்கள்!"

யானை பின்வரிசையில், ஈரத் தரையில், அடங்கி அமர்ந்தது.

நேற்றுக் கேட்டதையே மறுபடியும் கேட்க விரும்புகிறவர், இன்று சொல்ல வந்தவரை இழப்பார்.