ஒன்பது வருஷத்துப் புகை

“வண்டி கிளம்ப மாட்டேங்குது சாமி. நான் போறதுல முருகனுக்கே இஷ்டமில்லை போலிருக்குது.”

அங்கமுத்து இதைச் சொன்னபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. கையெல்லாம் கிரீஸ். வலது காலை விந்தி விந்தி வந்து நின்றார். விடிந்ததிலிருந்து கிக்கரை உதைத்த கால் அது.

விசில் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“முருகன் எப்போ உங்க வண்டிக்கு மெக்கானிக் ஆனாரு, டிரைவரே?”

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர் விசில் சாமிதான். காவி கட்டுவதற்கு முன்னால் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் கழுத்தில் உருத்திராட்சத்தோடு அந்த விசில் தொங்கும். சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிட அதைத்தான் ஊதுவார்.

அவர் சீட்டுக் கிழித்த பஸ்ஸைப் பதினாறு வருஷம் ஓட்டியவர்தான் அங்கமுத்து. சாமியைவிட நாலு வயசு மூத்தவர். அன்றைக்கு டிரைவர், இன்றைக்குச் சீடர். காலையில் விழுந்து கும்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் ‘யோவ் கண்டக்டர்’ என்று வாய் தவறிவிடும். சாமி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மூன்று நாளைக்கு முன்னால்தான் ஆசிரமத்து போனில் அந்தக் குரல் வந்தது. மருமகள். அவள் முகத்தைக்கூட அங்கமுத்து நின்று பார்த்ததில்லை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ராசிபுரம் வீட்டில் பேர் வைக்கிறோம், மாமா வந்தால் சந்தோஷம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தபோது, கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னாள்.

“அவுங்க ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அந்த புல்லட் இன்னும் இருக்குதான்னு.”

ஒன்பது வருஷத்தில் மகன் கேட்ட முதல் கேள்வி. சின்னதில் டேங்க் மேல் உட்கார்ந்துகொண்டு, ஊர் எல்லை வரைக்கும் ஹாரன் அடித்தபடி வந்த பிள்ளை.

“இருக்குது கண்ணு. அதுலதான் வருவேன்னு சொல்லு.”

சொல்லிவிட்டார். வண்டியோ மாட்டுக்கொட்டகைக் கோடியில் கிடந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆசிரமத்துக்கு வந்த அன்றைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியதுதான். அதற்கப்புறம் அந்தப் பக்கமே அவர் போனதில்லை.

அன்று சாயங்காலமே தார்ப்பாயை உருவினார். தூசி அடங்கியதும் பெட்ரோல் டேங்கைத் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு தண்ணி ஞாபகம் இல்லை. டயர், டியூப், பேட்டரி, பிளக் எல்லாம் பால் வண்டிக்காரர் ராசிபுரத்திலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். டேங்கைக் கவிழ்த்தால் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. இரண்டு தரம் அலசினார். கார்புரேட்டரைக் கழற்றி, ஊசி நுழையாத துவாரத்தையெல்லாம் ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு திருகையும் ‘வேலும் மயிலும் துணை’ என்று சொல்லித்தான் முடுக்கினார். ஐம்பத்தொன்பது வயசு மனிதர், கல்யாணத்துக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி அந்த மூன்று நாளும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இன்று விடிகாலைப் பால் வண்டியில் ஏறியிருந்தால் இந்நேரம் ராசிபுரத்தில் இருந்திருப்பார். பால் வண்டிக்காரர் கூப்பிட்டும் பார்த்தார். “நீ போப்பா, நான் என் வண்டியில வர்றேன்” என்று கெத்தாகக் கையாட்டி அனுப்பிவிட்டார். இனி பஸ் சாயங்காலம்தான்.

வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளி வந்து நிறுத்தியபோது ஆசிரமமே கூடிவிட்டது. சமையல் பார்க்கும் லோகாம்பாள் ஹெட்லைட்டுக்கு விபூதி பூசி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயும் உடைத்துவிட்டாள்.

உதைத்தார். வண்டி இரண்டு தரம் தும்மியது. அணைந்தது.

மறுபடியும் உதைத்தார். தும்மியது. அணைந்தது.

முதலில் ஐம்பது வரைக்கும் எண்ணினார். அப்புறம் எண்ணவில்லை. லோகாம்பாள் உடைத்த தேங்காயைத் துருவவே போய்விட்டாள்.

இப்போது சாமி கீரையை நகர்த்தி வைத்தார்.

“பெட்ரோல்?”

“புதுசுங்க.”

“பிளக்?”

“பொறி கண்ணைப் பறிக்குது.”

“அப்புறம் என்னங்க குறை?”

“அதான் சொன்னேனே, முருகன்…”

“அவரை விடுங்க” என்று எழுந்தார் சாமி.

வேப்பமரத்தடிக்கு வந்தார். மந்திரம் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் கைகட்டி நின்றார்கள். சாமி எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வண்டிக்குப் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

அங்கமுத்துவுக்கு எரிச்சல் மண்டியது. “அங்கே என்ன சாமி இருக்குது? எஞ்சின் இங்கே இருக்குது.”

“பதினாறு வருஷம் நீங்க முன்னாடியே பாத்தவரு. நான் பின்னாடியே நின்னவன். உதைங்க.”

உதைத்தார்.

“இன்னொண்ணு.”

உதைத்தார். சாமி சைலன்ஸரின் வாய்க்கு நேராக உள்ளங்கையைப் பிடித்திருந்தார்.

“காத்து வரலைங்களே, டிரைவரே.”

“வராம எங்கே போகும், யோவ் கண்…” அங்கமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இறங்கிப் பின்பக்கம் வந்தார். குனிந்தார். சைலன்ஸருக்குள் இரண்டு விரலை விட்டார். என்னவோ தட்டுப்பட்டது. கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார்.

துருவேறி, கரியேறி, கட்டை மாதிரி இறுகிப்போய் ஒரு துணி வெளியே வந்தது. உதறினார். காக்கிச் சட்டையின் கை.

அவருடைய சட்டைதான். அவர் கிழித்ததுதான்.

அதைச் சாமியிடம் நீட்டினார்.

“எலி பூந்திரக் கூடாதுன்னு நான்தான் சாமி அடைச்சேன். குச்சி வெச்சுக் குத்திக் குத்தி அடைச்சேன். சுத்தமா மறந்துட்டேன்.”

“எலி பூரலை” என்றார் சாமி.

அங்கமுத்து போய் வண்டிமேல் ஏறினார். கண்ணை மூடினார். உதைத்தார்.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது. கொட்டகையில் மாடுகள் கயிற்றை இழுத்தன. வேப்பமரத்துக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தது. லோகாம்பாள் தேங்காய்த் துருவலோடு ஓடி வந்தாள். அங்கமுத்துவின் உடம்பு மொத்தமும் வண்டியோடு சேர்ந்து அதிர்ந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த நிமிஷமே பின்னாலிருந்து புகை கிளம்பியது. கொஞ்ச நஞ்சமில்லை. கன்னங்கரேலென்று, கரித்துண்டும் துருவுமாகக் கக்கிக்கொண்டு, வேப்பமரத்தையே மறைத்துவிட்டது. லோகாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். கூடி நின்ற ஆசிரமத்து வெள்ளை வேட்டிக்காரர்கள் சிதறி ஓடினார்கள்.

அங்கமுத்து பதறிப்போய் சாவிக்குக் கையை நீட்டினார். சாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எஞ்சின் போயிரும் சாமி!”

“போகாதுங்க. வரட்டும்.”

வந்தது. வந்துகொண்டே இருந்தது. அங்கமுத்துவின் கை சாமியின் பிடியிலேயே இருந்தது. அப்புறம் கறுப்பு சாம்பலானது. சாம்பல் நீலமானது. விட்டு விட்டு இருமிய எஞ்சின் ஒரே தாளத்துக்கு வந்து, தடதடவென்று நிதானமாக ஓட ஆரம்பித்தது.

சாமி கையை விட்டார்.

அங்கமுத்து கையைக் கழுவி, சட்டை மாற்றி, லோகாம்பாள் கொடுத்த பிரசாதப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். மணி பத்தரை. ராசிபுரம் ஒரு மணி நேரம். வழியில் கட்டுச்சாலை முருகன் கோயிலில் நின்று கும்பிடக்கூட நேரம் இருந்தது.

கிளட்சைப் பிடித்தார். கியர் போடவில்லை.

“என்னங்க டிரைவரே?”

அங்கமுத்துவின் குரல் வண்டிச் சத்தத்துக்குள் பாதி அமுங்கிப்போயிற்று. சாமி பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார்.

“பையன் எங்கிட்டச் சொல்லாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வாசல்ல வந்து நின்னான் சாமி. என்னமோ சொல்ல வந்தான். வாயைத் திறந்தா வெட்டிப் போட்டுருவேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவன் வாயே திறக்கலை.”

அங்கமுத்து ஆக்ஸிலேட்டரை ஒரு தரம் முறுக்கி விட்டார்.

“இத்தனை வருஷத்தையும் சேத்து வெச்சிருப்பானே. அத்தனை பேர் முன்னாடி, அந்த மருமக முன்னாடி, கேப்பானே.”

“கேக்கட்டுங்க” என்றார் சாமி. “நீங்க பாதியில சாவியைத் திருப்பிராதீங்க.”