புல்மலைச் சடையாண்டியார்

தேயிலைத் தோட்டங்களுக்கு விறகு சுமந்து வயிறு வளர்த்தவர் சடையாண்டியார். ஆனால் நாளின் முதல் சுமை தண்ணீர்க்குடம். அடிவார ஓடையில் மொண்டு, புல்மலை உச்சியில் வெட்டவெளிப் பாறைமேல் இருக்கும் லிங்கத்துக்கு வார்த்த பிறகுதான் கஞ்சி குடிப்பார். உச்சியிலேயே ஒரு சுனை இருந்தது. யாரோ எப்போதோ விறகுக்காக நட்ட அயல்நாட்டுச் சீகை மரங்கள் மலையை மூடியதில் புல் செத்தது, புல்லை நம்பிய வரையாடுகள் போயின, சுனையும் காய்ந்தது. புல்மலை என்ற பெயர் மட்டும் மிச்சம்.

வனத்துறை தன் நிலத்துச் சீகையை வெட்ட ஆள் கேட்டபோது ஊரார் மறுத்தார்கள். பச்சை மரத்தை வெட்டுவது பாவம் என்று பூசாரி கோம்பையன் சொல்லியிருந்தார். சடையாண்டியாரும் அவர் மனைவி பூவாயியும் மட்டும் போனார்கள். சுனை ஊறினால் சாமி தன் தண்ணீரிலேயே குளிப்பாரே என்று அவருக்கு ஆசை.

"மரத்த வெட்டுன கையால சாமிக்கு ஊத்தாதே. குடத்தக் கீழ வச்சிட்டுப் போ" என்றார் பூசாரி. அன்றிலிருந்து அடியார் குடத்தைப் பாறையடியில் வைத்துவிட்டுப் போவார்; பூசாரி எடுத்து வார்ப்பார்.

மழை வந்தது. வெயில் பட்ட மண்ணில் அத்தனை காலம் உறங்கிய சீகை விதைகளெல்லாம் முளைத்தன. ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு கன்றுகள்.

"பாத்தியா, சாமிக்கே புடிக்கல" என்றார் பூசாரி.

அந்தச் சொல் அடியாரைக் கொன்றது. தன் கையாலேயே மலையைக் கெடுத்துவிட்டோமோ என்று உருகிப்போனார். இருவரும் மழையில் நனைந்து கன்று கன்றாகப் பிடுங்கினார்கள். மூன்றாம் வருடம் பூவாயியைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோயிற்று.

"நான் செஞ்சது தப்புன்னா என்னைய எடுத்திருக்கலாமே, சாமி" என்று பாறையடியில் விழுந்து அழுதார். மறுநாளும் குடம் வந்தது.

மலையின் மறுபாதி தோட்ட முதலாளி சௌந்தரபாண்டியுடையது. அங்கிருந்துதான் புது விதைகள் உருண்டு வந்தன. "உங்க பங்கையும் வெட்ட விடுங்க, மொதலாளி. கூலி வேணாம்" என்று அமாவாசைதோறும் வாசலில் நின்றார்.

"புல்ல வச்சு நான் என்ன பண்ண?" என்று சிரித்தார் முதலாளி. நான்காம் வருடம் தோட்டத்து ஓடையே வற்றிய பிறகுதான், "வெட்டிக்க" என்று ஆள் அனுப்பினார்.

தனியாளாக வெட்டினார். மறுபடி துளிர்க்காதபடி அடிமரப் பட்டையை உரித்தார். பாறை இடுக்குகளில் தப்பியிருந்த புல்லைப் பிடுங்கிவந்து நட்டார். ஐந்து மழைக்காலம் கன்று பிடுங்கினார். ஒருநாள் சரிவில் விழுந்து முழங்கால் முறிந்தது. சுனையில் முந்தின நாள்வரை வெறும் ஈரக்கசிவுதான்; சாமி இன்று வறண்டு நிற்பாரே என்று குடிசையில் கிடந்து தவித்தார்.

உச்சிப்பொழுதில் பூசாரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கொடம் வரலையேன்னு காத்துக்கிட்டிருந்தேன். சுனை தளும்புது. வரையாடு ஒண்ணு குட்டியோட அதுல எறங்கி, நனைஞ்ச ஒடம்போட சாமிகிட்ட வந்து ஒதறுச்சு. சாமி குளிச்சிட்டாரு, சடையாண்டி." சொல்லிவிட்டு, எந்தக் கையைப் பழித்தாரோ அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடியார் ஒன்றுதான் கேட்டார். "புல்லு மேஞ்சுச்சா?"

"மேஞ்சுச்சு."

"பூவாயி பாக்கலையே" என்று சொல்லி அழுதார்.

புல்மலைக்குப் பெயரை மீட்டுத் தந்த அந்த இருவரின் திருவடிகளையும் நாம் நினைத்திருப்போம்.