நாலு பஸ்ஸுக்கு ஒரு பென்சில்

“டீச்சர், என் கையில இருக்கற பயத்தை எப்படியாச்சும் எடுத்துடுங்க” என்றார் சென்னியப்பன்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. கரூரில் பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாக டிசைனர். எதிரே இருந்த ஜெசிந்தா டீச்சருக்கு முப்பத்திரண்டு. சைக்கிள் கடை மாடியில் ஒரே ஒரு மேஜையைப் போட்டு வரையக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுப்பதாகப் பேர்தான். வாயைத் திறந்தால் காசு கேட்பார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

“என்ன பயம்ங்கண்ணா?”

“கோடு போட்டா ஒரு புள்ள விழுகுதுங்க.”

விழுந்தது நிஜம். ஆறு மாசத்துக்கு முன்னால், அவர் டிசைன் செய்த ஸ்கூல் பஸ்ஸின் படியிலிருந்து மகிழினி என்ற மூன்றாம் வகுப்புக் குழந்தை ரோட்டில் விழுந்தாள். வலது முழங்கை நொறுங்கி, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள்.

அவசரப்பட்டு வண்டியை எடுத்தது தப்பு என்று டிரைவருக்கு வேலை போனது. டிராயிங்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அதே ஸ்கூல் இன்னும் நாலு பஸ் கேட்டிருக்கிறது. திங்கட்கிழமை பட்டறையில் தகடு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நாலில் ஒன்றில்தான் மகிழினியும் ஏறப்போகிறாள்.

“டிராயிங் முடிச்சுட்டீங்களா?”

“முடிச்சுட்டேங்க. புதுசா கோடு போடக் கை வரலை. பழைய டவுன் பஸ் கதவையே கம்ப்யூட்டர்ல எடுத்து ஒட்டிட்டேன். போன தடவையும் அதேதான்.”

சுருட்டி வைத்திருந்த தாளை விரித்தார். பளபளவென்று கலர் பிரிண்ட். ஒரு கோடு பிசகவில்லை.

டீச்சர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“அந்தப் புள்ளகிட்டப் போய்க் காட்டுங்க.”

அந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்றே ஆறு மாசமாக ஊரைச் சுற்றி வேலைக்குப் போகிற மனுஷன் சென்னியப்பன்.

“வேற யார்கிட்ட வேணும்னாலும் காட்டறேங்க.”

“அப்ப வேற யாராச்சும் பஸ் ஏறட்டும்.”

போனார். வாசலில் செருப்பைக் கழற்றவே அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. மகிழினியின் அம்மா உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். குழந்தை தாளைப் பார்த்தாள்.

“சூப்பரா இருக்குங்க தாத்தா.”

“நல்லாருக்குங்க” என்றாள் அம்மாவும்.

அவ்வளவுதான். ஓட்டமும் நடையுமாக மாடி ஏறி வந்துவிட்டார்.

“என்ன சொன்னாங்க?” என்றார் டீச்சர்.

“நல்லாருக்குன்னாங்க.”

“போன பஸ் டிராயிங்கப் பாத்தவங்க என்ன சொன்னாங்க?”

சென்னியப்பன் யோசித்தார். முதலாளி பார்த்தார். வெல்டர் பார்த்தார். ஸ்கூல்காரர்கள் நாலு பேர் பார்த்தார்கள்.

“அவங்களும் நல்லாருக்குன்னுதாங்க…”

சொல்லி முடிக்காமலே கையிலிருந்த பிரிண்டை மேஜையில் போட்டார்.

டீச்சர் பிரிண்டை அப்படியே கவிழ்த்துப் போட்டார். அதன் மேல் ஒரு பென்சிலை வைத்தார்.

“முதுகுல வரைங்க. ஸ்கேல் வேண்டாம்.”

வரைந்தார். விரல் நடுங்க நடுங்கக் கோடும் நடுங்கியது. கதவு, மூன்று படி, பக்கத்தில் பிடித்து ஏறக் கம்பி. முடித்துவிட்டுப் பார்த்தால், பஸ் எங்கேயோ மோதிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

“இதைக் காட்டினா சிரிப்பாங்க டீச்சர்.”

“சிரிக்கட்டும். காட்டிட்டு, பென்சிலை அவ பக்கத்துல வெச்சிருங்க.”

“வெச்சுட்டு?”

“வாயத் திறக்காம உக்காந்திருங்க.”

“அவ ஏதாச்சும் சொல்லிட்டான்னா?”

டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்.

மறுபடியும் அதே வாசல். இந்த முறை ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நின்றார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் மகிழினி பார்த்துவிட்டாள்.

தாளை விரித்தார். பென்சிலை அவள் பக்கத்தில் வைத்தார்.

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இது நீங்களே வரைஞ்சீங்களா தாத்தா? பஸ்ஸு கோணலா இருக்குது!”

சென்னியப்பன் வாயைத் திறக்கவில்லை.

அவள் பென்சிலை இடது கையில் எடுத்தாள். வலது கை இன்னும் மடங்க மறுத்தது. கீழ்ப்படியில் ஒரு சின்னப் பெண்ணை வரைந்தாள். ரெட்டை ஜடை போட்டாள். முதுகில் பையை மாட்டினாள். பிறகு ஒரு கையை மேலே நீட்டி வரைந்தாள்.

அந்தக் கை கம்பியைத் தொடவில்லை. நடுவில் தாள் வெள்ளையாகக் கிடந்தது.

“எட்டாதுங்க தாத்தா” என்றாள். “அன்னிக்கும் எட்டலை.”

ஆறு மாசமாகச் சென்னியப்பன் எந்த வார்த்தைக்கு அஞ்சிச் செத்தாரோ அதை அவள் கோபமே இல்லாமல் சொல்லிவிட்டாள். பட்டறையில் நின்று, தன் கையை உயர்த்திப் பார்த்து, ‘சரியா இருக்கு’ என்று அந்தக் கம்பிக்குத் தலையாட்டியவர் அவர்தான்.

மகிழினி கம்பியின் மேல் பாதியில் குறுக்காகக் கோடு அடித்தாள். அந்தப் பெண்ணின் கைக்கு நேராக, படியை ஒட்டி, குட்டையாக இன்னொரு கம்பி வரைய ஆரம்பித்தாள்.

சென்னியப்பன் தாளின் பக்கம் குனிந்தார்.

“ஏன் கண்ணு, முதல்ல ஒரு படம் காட்டினேனே. அதுலயும் கம்பி இதே உயரத்துலதான இருந்துச்சு? அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

அவள் தலை நிமிரவில்லை.

“அது பிரிண்ட் ஆயிருச்சில்லைங்க தாத்தா. அதுல போய் எப்படிங்க கிறுக்கறது?”