நரம்பு போன பல்

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு, சுகிர்தாவின் வாய்க்குள் விநோதமாக ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. எறும்பு வீட்டில் யாரோ தேங்காய் உடைத்த மாதிரி, சின்னதாக ஒரு 'டிக்'.

அந்த வாய்க்குள் இரண்டு தெரு. கீழ்த்தெருப் பற்கள் நேராக நிற்கும், மேல்தெருப் பற்கள் தலைகீழாகத் தொங்கும். இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டன. நாக்கு மட்டும் உடனே கிளம்பிவிட்டது. எங்கே என்ன நடந்தாலும் முதலில் போய் எட்டிப் பார்ப்பது அதன் வழக்கம்.

சத்தம் வந்தபோது சுகிர்தா மகளுக்குக் கடலை மிட்டாயைக் காக்கா கடி கடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எச்சில் படாமல் இருக்கத் துப்பட்டா நுனியை மிட்டாயின் மேல் சுற்றி, இடது கடைவாயில் வைத்து ஓங்கி ஒரு கடி. குழந்தைக்குத் துண்டு கிடைத்தது. சத்தத்தை யாரும் கவனிக்கவில்லை.

எதிரே, மேல்தெருவில் இருந்த பல் கவனித்தது. அதைக் கீழ்த்தெருக் கடைவாய்ப் பல் மதினி என்றுதான் கூப்பிடுவாள். நாள் முழுக்க முகத்தோடு முகம் பார்த்து வேலை செய்கிறவர்கள்.

"சத்தம் உன் வீட்டிலேர்ந்துதான் வந்துச்சு. என்ன ஆச்சு?" என்றாள் மதினி.

"எனக்கு ஒண்ணுமில்ல மதினி. நல்லாத்தான் இருக்கேன்."

கடைவாய்ப் பல் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் அவளுக்குள் சொத்தை விழுந்து, சுகிர்தா கிராம்பை அதக்கியும் உப்புத் தண்ணீர் கொப்பளித்தும் தூங்காமல் கிடந்து, கடைசியில் டாக்டரிடம் போனாள். டாக்டர் வேர்வரைக்கும் சுத்தம் செய்து நரம்பை எடுத்துவிட்டார். இனி வலிக்காது, ஆனால் நரம்பில்லாத பல் காய்ந்த குச்சி மாதிரி, கண்டிப்பாக வந்து அதன் மேல் கேப் என்கிற மூடியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வலி போனதும் சுகிர்தாவுக்கு டாக்டரும் மறந்துபோனார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நாத்தனார் கல்யாணம் வந்தது. பிறகு எல்.கே.ஜி. சேர்க்கை. வலியே இல்லையே, அப்புறம் எதுக்குக் கேப் என்று வீட்டிலும் கேட்டார்கள். சுகிர்தா யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. கேப் மாட்ட வேண்டுமென்றால் பல்லைச் சுற்றிலும் அரைத்துச் சின்னதாக்குவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவள் பயந்து கிளினிக் பக்கமே போகவில்லை.

கடைவாய்ப் பல்லும் அதைக் கேட்டிருந்தாள்.

வாய்க்குள் ஒரு நடைமுறை உண்டு. அழுகிறவருக்குத்தான் கவனிப்பு. முன்பல் ஒன்று கூசினால் ஐஸ் தண்ணீர் நின்றுவிடும். ஈறு வீங்கினால் காரம் குறைந்துவிடும். கடைவாய்ப் பல் அழுவதே இல்லை என்று தெரிந்தபோது, எலும்பு, சீடை, முறுக்கு என்று கெட்டியானதெல்லாம் அவள் பக்கமே வந்தன. யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. அவளுக்குத்தான் வலிக்காதே, அந்தப் பக்கம் தள்ளு என்பார்கள். அவ்வளவுதான். அவளும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

நாக்கு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. மெல்லத் தடவிப் பார்த்தது. டாக்டர் வைத்த அடைப்பு ஓரத்தில் பெயர்ந்திருந்தது. பக்கத்துச் சுவர் பிளந்து, விளிம்பு கத்தி மாதிரி நின்றது.

"அக்கா, சுவர் விரிஞ்சிருக்கு."

"சும்மா இரு. ஊரெல்லாம் சொல்லாதே. சொன்னா என்னை அரைச்சிடுவாங்க."

நாக்குக்கு அன்றுவரை எந்த ரகசியமும் நின்றதில்லை. அன்று அது வாயடைத்துப் போனது. அக்கா பயந்து அது பார்த்ததே இல்லை.

மதினிதான் கறாராகப் பேசினாள். விரிசல் வேர்வரைக்கும் இறங்கிவிட்டால் எந்த டாக்டராலும் ஒட்ட முடியாது, பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை என்றாள்.

"அரைச்சா நீ சின்னதாவே. இப்படியே விட்டா நீ இல்லாமலே போவே. எது பரவாயில்லைன்னு யோசிச்சுக்கோ" என்றாள் மதினி.

யோசிக்க நேரமிருக்கவில்லை. மறுநாளும் சாப்பாடு வந்தது. அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்து அதிரசமும் முறுக்கும் வந்தன. ஒவ்வொரு கடிக்கும் விரிசல் நூலளவு கீழே இறங்கியது. மதினி முடிந்தவரை மெதுவாக அழுத்தப் பார்த்தாள். ஆனால் தாடை சொல்வதைத்தானே அவளும் கேட்க வேண்டும்.

நாக்கு தவித்தது. வெளியே கேட்கிற பேச்செல்லாம் அதன் வேலைதான். ஆனால் சுகிர்தா நினைப்பதை மட்டும்தான் அது பேச முடியும். அக்கா உடைகிறாள் என்று அதனால் தானாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

கடைசியில் அது கடைவாய்ப் பல்லிடம் வந்து, தன் ஓரத்தை அந்தக் கத்தி விளிம்பில் வைத்தது.

"என்ன பண்றே?" என்றாள் அவள்.

"உனக்கு அழத் தெரியல. உனக்குப் பதிலா நான் அழுதுட்டுப் போறேன்."

சாப்பிடும்போது ஒரு முறை, பேசும்போது ஒரு முறை என்று நாக்கு தன்னைத்தானே கீறிக்கொண்டது. புண் வந்தது. ரசம் எரிந்தது. மகளுக்குக் கதை சொல்லப் போன சுகிர்தா பாதியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். கணவன் போன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு, பல்லு பிளந்து நிக்குதே சுகி, எப்படி இவ்வளவு நாள் சும்மா இருந்தே என்றான்.

மறுநாள் குழந்தையை அவனிடம் விட்டுவிட்டுக் கிளினிக் போனாள். டாக்டரம்மா கண்ணாடியை உயர்த்திவிட்டுக்கொண்டு, நாக்கு புண்ணாகவில்லை என்றால் நீ வந்திருக்கவே மாட்டாய் இல்லையா என்று கேட்டார். சுகிர்தாவால் வாயைத் திறந்துகொண்டு தலையாட்டத்தான் முடிந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் வந்தது. விரிசல் ஈறுக்குச் சற்று மேலே நின்றிருந்தது. பிழைத்தாள் என்று மதினி மூச்சு விட்டாள்.

பிறகு அரைத்தார்கள். சுகிர்தா நாற்காலிக் கைப்பிடியை நகம் வெளுக்கப் பிடித்திருந்தாள். கடைவாய்ப் பல்லுக்கு வலிக்கவில்லை. ஆனால் தண்ணீர் தெறிக்க, தூள் பறக்க, தன் தோள் போவதும் இடுப்பு போவதும் அவளுக்குத் தெரிந்தது. முடிந்தபோது அவள் ஒரு சின்ன முளையாக நின்றாள். முன்னே பின்னே இருந்த பற்கள் அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. அது மரியாதைதான், ஆனால் அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அச்சு எடுத்துக்கொண்டு, தற்காலிகமாக ஒரு மூடியை மாட்டி அனுப்பினார்கள்.

அடுத்த முறை போனபோது, பஞ்சு வைத்த டப்பாவில் கேப் காத்திருந்தது. பளபளவென்று வெள்ளையாக இருந்தது. மேல்தெரு இளசுகள், மகாராணி வர்றாங்க, வழி விடுங்க என்று கேலி செய்தன. அது வெட்கப்பட்டது. தான் இன்னும் ஒரு பருக்கை சோறுகூட மென்றதில்லை என்று மெல்லச் சொன்னது.

டாக்டரம்மா பசை தடவாமல் அதை மாட்டிப் பார்த்தார். நடுவில், முட்டுகிற இடத்தில் மை ஒட்டும் ஒரு நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார். உயரமாக இருக்கிறதா, எங்கேயாவது முட்டுகிறதா என்று கேட்டார்.

"பரவாயில்ல டாக்டர்" என்றாள் சுகிர்தா.

உள்ளே கேப்பும் அதையே கேட்டது. கடைவாய்ப் பல் வழக்கம்போல, எனக்கு ஒண்ணுமில்ல என்றாள்.

கேப் சொன்னது:

"நீங்க சொல்றதை நம்பித்தான் நான் ஒட்டிக்கப் போறேன். எனக்கும் நரம்பு கிடையாது. தப்பா உட்கார்ந்தா ஒவ்வொரு கடிக்கும் நான் உங்களை இடிச்சு உடைச்சிடுவேன், எனக்கே தெரியாது. நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லணும்."

கடைவாய்ப் பல்லிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் தன் வேரைக் கவனித்தாள். நரம்பு போனாலும் வேர் ஈறுக்குள்தானே நிற்கிறது. அங்கே, அடியில், ஒரு பக்கமாக ஓர் அழுத்தம் இருந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது.

"முட்டுது. மதினி என்னை மட்டும் முட்டுறா. உள்பக்கம், பின்னால" என்றாள்.

"எனக்கும்தான் முட்டுது. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள் மதினி.

வேர் ஈறுக்குச் சொன்னது. ஈறு தாடைக்குச் சொன்னது. பசையைக் குழைக்கத் திரும்பிய டாக்டரம்மாவின் கையைச் சுகிர்தா தொட்டாள்.

"ஒரு நிமிஷம் டாக்டர். பரவாயில்லைன்னு சொன்னேன். இல்ல. பின்னாடி முட்டுது."

"அதைத்தானேம்மா கேட்டேன்" என்றார் டாக்டரம்மா. கேப்பைக் கழற்றி, நீலம் பட்ட இடத்தில் கொஞ்சம் தேய்த்து, மறுபடி மாட்டினார். இன்னும் ஒரு முறை தேய்த்தார். சுகிர்தா ஒவ்வொரு முறையும் அவசரப்படாமல் கடித்துப் பார்த்துச் சொன்னாள். கடைசியில் எல்லாப் பற்களும் ஒன்றாகச் சேர்ந்தன.

பசை தடவியாயிற்று. கேப் இறங்கிவந்து அவளைச் சுற்றி நின்றது.

"வெளியே நின்னு மூடிக்கிறது என் வேலை. என்னைக் கழலாம பிடிச்சுக்கிற தாழ்ப்பாள் உள்ளே இருக்கு. அதை நீங்கதான் போடணும்" என்றது.

நாக்கு அவசரமாக ஓடிவந்தது. அக்கா, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கறேன் என்று கெஞ்சியது.

"இனிமே வாசல்ல நின்னு பேசு" என்றாள் கடைவாய்ப் பல். குரலில் சிரிப்பு இருந்தது.

பஞ்சை வைத்து அழுத்திக் கடிக்கச் சொன்னார்கள். இருட்டில், தானாகவே, அவள் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.