கையை இறக்கச் சொல்பவள்

மாசிலாமணி டாக்டரிடம் நீட்டியது பழைய மருந்துச் சீட்டு அல்ல. ஒரு மனு.

"குற்றம் ஒன்று. எழுபத்தாறில் சிறையில் ஊற்றிய கூழால் சீதபேதி. என் வயிறு அதைத் தடுக்கவில்லை.

குற்றம் இரண்டு. எண்பத்து மூன்றில், மறியலின் ஏழாம் நாள் டைபாய்டு. நான் படுத்தேன், மறியலும் படுத்தது.

குற்றம் மூன்று. தொண்ணூற்றைந்தில் ஆலை வாசலில் குடித்த தண்ணீரால் மறுபடியும் சீதபேதி.

குற்றம் நான்கு. அன்றிலிருந்து இன்றுவரை விட்டு விட்டு ரத்தம். காரணம் சொல்ல மறுக்கிறது."

டாக்டர் ரெஹானா ஒரு வரி விடாமல் படித்தார்.

"எதிர்மனுதாரர் யாருங்க ஐயா?"

"என் வயிறு."

"கோரிக்கை?"

"உள்ளே ஒரு துரோகி இருக்கான். கண்டுபிடிச்சு வெளியேத்தணும்."

"துரோகியும் இல்லை, கிருமியும் இல்லை. மூணு தடவை பார்த்தாச்சு. கிருமியை அடிக்க உங்க உடம்பு வச்சிருக்கிற காவல்காரங்கதான் அடிக்கிறதை நிறுத்த மாட்டேங்கிறாங்க. இப்போ குடலோட சுவரையே அடிக்கிறாங்க."

"எதுக்கு?"

"கேமரா விட்டுப் பார்ப்போம். புண்ணு ஆறாதுன்னு தெரிஞ்சா பெருங்குடலை எடுக்க வேண்டியதுதான்."

வாழ்நாளில் எந்த முதலாளிக்கும் எதையும் விட்டுக்கொடுக்காதவர் அவர். மயக்க ஊசிக்குக் கையை நீட்டினார்.

பத்து எண்ணச் சொன்னார்கள். நான்கோடு நின்றுபோனது.

*

நீளமான சிவப்புத் தெரு. ஈரமாக இருந்தது. தரை மெல்ல அலை போல நகர்ந்து அவரை உள்ளே கொண்டுபோனது.

இரண்டு பக்கமும் கூட்டம். அடுப்பு மூட்டி எதையோ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கோடிப் பேர் இருப்பார்கள். ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு இரும்புக் கேட். அதன் அருகே ஸ்டூல் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

செல்லக்கனி.

ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவள். துண்டறிக்கைகளை மடியில் விரித்து அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள். அவள் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் சாவுக்குப் போகவில்லை.

"வாங்க தோழர். மனுவெல்லாம் பலமா இருக்கே. ஒற்றுப்பிழைதான் ரெண்டு."

"இவங்க யாரு?" என்றார், கூட்டத்தைக் காட்டி.

"இங்கே குடியிருக்கிற நல்ல கிருமிங்க."

"வெளியாளுங்க!"

"நீங்க தவழ்றதுக்கு முன்னாடியே குடிவந்தவங்க. இவங்க காய்ச்சுற கஞ்சியைக் குடிச்சுத்தான் இந்தச் சுவரே நிக்குது."

அவர் சுவரைத் தொட்டார். சூடாக இருந்தது. கையில் ரத்தம் ஒட்டியது.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தார். தடியும் தீப்பந்தமுமாக ஆயிரம் பேர் சுவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கு அடி கோஷம் வேறு. அத்தனை தொண்டையிலும் அவருடைய குரல்.

"யாரை அடிக்கிறீங்க?"

"சீதபேதியை!"

"அது போய் இருபத்தொன்பது வருஷம் ஆச்சே."

ஒருவன் தடியை ஓங்கியபடியே திரும்பிப் பார்த்தான். "எங்களுக்கு யாரும் சொல்லலையே."

மாசிலாமணி செல்லக்கனியிடம் வந்தார்.

"உனக்கு இங்கே என்ன வேலை?"

"கையை இறக்கச் சொல்றது."

"அதுக்கு ஒரு ஆளா?"

"அடின்னு சொல்ல ஊரே இருக்கு."

"நாளைக்கு நிஜமாவே கிருமி வந்தா?"

"அடிக்கத்தான் வேணும். அன்னைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அப்போ இன்னைக்குச் சொல்லேன்!"

அவள் சிரித்தாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு அந்த விரலாலேயே அவருடைய சட்டைப் பையைக் காட்டினாள்.

பையில் நான்காக மடித்த ஒரு தாள். பிரிக்காமலே அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. போராட்டம் தொடங்கினாலும் முடிந்தாலும் அறிக்கையை வாசலில் நின்று உரக்க வாசிக்க வேண்டும். கையெழுத்திட்டவர் பெயரையும் வாசித்தால்தான் ஆட்கள் அசைவார்கள். தொண்ணூற்றைந்தில், கேட்டதில் முக்கால்வாசி கிடைத்த காலையில், வாசல் கமிட்டித் தலைவராக இருந்த செல்லக்கனி, தான் ஒப்பமிட்ட அறிக்கையோடு வாசலுக்கு வந்தாள். அவர் அதைப் பிடுங்கிப் பையில் போட்டார். "துரோகி" என்றார். ஆட்கள் வெளியிலேயே நின்றார்கள். நூறு நாள் நின்றார்கள். பிறகு உள்ளே போக ஆலை இல்லை. சங்கப் பதிவேட்டில் அவள் பெயரை அவரே அடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவர் நாக்கில் ஏறவில்லை.

"வாசிங்க" என்றாள். "எழுத்து மறந்துபோச்சா?"

அவர் வாசித்தார். "இன்று காலை ஆறு மணி முதல் போராட்டம் முடித்துக்கொள்ளப்படுகிறது. தோழர்கள் அமைதியாக உள்ளே செல்லவும்."

கோஷம் நின்றது. ஆனால் தடிகள் தலைக்கு மேலேயே இருந்தன.

"யார் சொல்றது?" என்றார்கள் அவருடைய குரலில். "பேர் சொல்லுங்க. பேர் இல்லாம கையை இறக்க மாட்டோம்."

அவர் திரும்பினார். ஸ்டூல் காலியாக இருந்தது.

*

"ஐயா, ஏதாவது சொல்றீங்களா?"

வெள்ளை விளக்கு. டாக்டர் குனிந்திருந்தார். பக்கத்தில் சிஸ்டர் கையில் துணியோடு நின்றார். மாசிலாமணி வெறும் உள்ளங்கையை, தாளைப் பிடிப்பது போல, முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சாட்சி" என்றார்.

"எதுக்குங்க ஐயா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அறைக்கு வெளியிலும் கேட்கும்படி வாசித்தார்.

"ஒப்பம். வாசல் கமிட்டித் தலைவர், தோழர் ம. செல்லக்கனி."