மூன்றாம் எண் பெட்டி

"முதலில் நாற்காலிகளை எடுத்தார்கள்" என்று தன் மனுவை வாசித்தார் தனுஷ்கோடி.

"இரண்டாவது, காற்றாடியைக் கழற்றினார்கள். மூன்றாவது, கையுறையை நிறுத்தினார்கள். நான்காவது, குப்பியைச் சுற்றி அடைக்கும் பழைய தாளை நிறுத்தினார்கள். ஐந்தாவது, சின்னப் பெட்டி வாங்குவதை நிறுத்தினார்கள். ஆறாவது, இசக்கிப்பாண்டி செத்தான்."

வரிசை தவறவில்லை. இருபத்தாறு வருடம் சங்கச் செயலாளராக இருந்தவர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் மரியபுஷ்பம். அமிலக் குப்பிகளைப் பெட்டியில் கட்டி அனுப்பும் அந்தக் கொட்டகையில், எந்தக் குப்பிக்கு எந்தப் பெட்டி என்று எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தவள். தனுஷ்கோடிக்கும்தான். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அதில் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு.

"மொத்தம் எத்தனை தாள், அண்ணாச்சி?"

"பதினொண்ணு."

"ஆதாம் ஏவாள்ல இருந்து ஆரம்பிச்சிட்டீங்களோ?"

"கேலி பண்ணாத, புஷ்பம். நாளைக்கு விசாரணை. ஆபீசு சொல்லுது, தடுத்தும் கேக்காம இசக்கி தானே பெட்டி கட்டினானாம். அதனால அவன் பொண்டாட்டிக்கு நஷ்டஈடு ஒண்ணும் கிடையாதாம். இந்த மனுவுல என்ன குறையுது, சொல்லு."

இசக்கிப்பாண்டி சுமை ஏற்றுகிறவன். ஒரு பெட்டியும் கட்டியவனில்லை. தோளில் தூக்கிய பெட்டிக்குள் குப்பி உடைந்தது. மூன்று நாள் உயிரோடு இருந்தான்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டுவதற்கு முன், கட்டியவர் பெட்டியை மெல்ல ஆட்டிப் பார்ப்பார். பிறகு சீட்டைச் சத்தமாக வாசிப்பார். என்ன பொருள், எத்தனை, எந்தப் பெட்டி, கட்டியவர் யார். பக்கத்தில் நிற்கும் இருவர் "சரி" என்பார்கள். அதற்குப் பிறகுதான் ஒட்டுவது.

அன்றைய சீட்டு அமிலத்தில் கரைந்துபோனது. அலுவலகம் புதிதாக ஒன்று எழுதியது. கட்டியவர் என்ற இடத்தில் செத்தவன் பெயரைப் போட்டது. செத்தவன் மறுக்க மாட்டான்.

மரியபுஷ்பம் எழுந்தாள். ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் நிரப்பினாள். பெரிய பெட்டி ஒன்றில் வைத்து மூடினாள். மூன்றாம் எண் பெட்டி. அவரிடம் நீட்டினாள்.

"ஆட்டுங்க."

ஆட்டினார். உள்ளே குப்பி அட்டையில் இடித்தது.

"அன்னைக்கும் இப்படி இடிச்சுதா?"

"சின்னப் பெட்டி தீர்ந்துபோச்சு. லாரி நிக்குது, மூணுல போட்டு அனுப்புன்னு மேலாளர் கத்தினாரு."

"அதை நான் கேக்கல."

அவர் இன்னொரு முறை ஆட்டினார். "இடிச்சுது."

"பக்கத்துல நான்தான் நின்னேன். எனக்கும் காதுல விழுந்துச்சு. சரின்னு சொன்னேன்."

அவர் பெட்டியை வைத்துவிட்டு மனுவைக் கையில் எடுத்தார்.

"இந்தப் பதினொண்ணுல, அன்னைக்குக் கட்டினது யாருன்னு எங்கயாவது இருக்கா?"

"தொழிலாளர்கள்னு இருக்கு."

"அது யாரு பேரு, அண்ணாச்சி?"

"என் பேரைச் சொன்னா வேலை போகும். கேசு என் மேல திரும்பும்."

"திரும்பும். அடுத்தது என் மேல."

அவள் மனுவை அவர் கையிலிருந்து வாங்கினாள். முதல் தாளைக் கசக்கினாள். பெட்டியைத் திறந்து, குப்பிக்கு ஒரு பக்கத்தில் அடைத்தாள். இரண்டாவது தாளைக் கசக்கினாள்.

"ஏய்! ஒம்பது நாள் உக்காந்து எழுதினது!"

"நல்ல தாள். அன்னைக்கு இருந்திருந்தா இசக்கி இருப்பான்."

பதினொன்றும் உள்ளே போயின. பெட்டியை மூடி மறுபடியும் அவர் கையில் கொடுத்தாள்.

ஆட்டினார். சத்தமில்லை.

"இப்ப சொல்லுங்க. ஊருக்கு நாம அனுப்புறது தாளையா, குப்பியையா?"

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணை தேநீரோடு தொடங்கியது. ஏழை செத்தால் அப்படித்தான் தொடங்கும். அதிகாரிக்கு ஒரு கோப்பை, மேலாளருக்கு ஒரு கோப்பை. இசக்கிப்பாண்டியின் மனைவி கதவருகே நின்றாள். அவளுக்கு நாற்காலிகூட இல்லை.

சுவரோரம் பெட்டி கட்டுகிறவர்கள்.

"செயலாளரே, மனு எங்கே?" என்றார் அதிகாரி.

"பெட்டியில இருக்குய்யா."

மேலாளர் சிரித்தார். "வெறுங்கையோட இவர் வந்து இன்னைக்குத்தான் பார்க்கிறேன், சார்."

"அந்தச் சீட்டைக் கொடுங்க. நான் வாசிக்கணும். எங்க வழக்கம்."

அதிகாரி சீட்டைக் கொடுத்தார்.

தனுஷ்கோடி அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். மரியபுஷ்பம் சுவரை விட்டு நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அன்று "சரி" சொன்ன இன்னொருவன் சேசையா. அவன் தயங்கினான். பிறகு அவனும் வந்து நின்றான்.

"பொருள், அமிலம். எண்ணிக்கை, ஒரு குப்பி. பெட்டி, மூன்றாம் எண்."

அடுத்தது சீட்டில் இல்லை. அதையும் வாசித்தார்.

"அடைக்கும் தாள், இல்லை. பெட்டியைச் சொன்னவர், மேலாளர். குப்பி இடித்த சத்தம், கேட்டது."

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

கடைசி வரியில் இசக்கிப்பாண்டி என்று எழுதியிருந்தது. தனுஷ்கோடி கதவருகே நின்றவளைப் பார்த்தார். கொட்டகையில் வாசிப்பதைப் போலவே சத்தமாக வாசித்தார்.

"கட்டியவர், சு. தனுஷ்கோடி."